நாய் ஓங்கரிக்கிறது: எப்போது பொறுத்துப் பார்க்கலாம், எப்போது டாக்டரிடம் ஓட வேண்டும்?

நாய் முன்கால்களை அகட்டி நின்று, கழுத்தை நீட்டி, தலையைத் தாழ்த்தி "அக்... அக்..." என்று ஓங்கரிக்கிறது. கடைசியில் கொஞ்சம் வெள்ளை நுரை விழுகிறது, அல்லது ஒன்றுமே விழவில்லை. வீட்டில் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும். "எலும்பு மாட்டியிருக்கு, வாயைத் திறந்து பாரு" என்பார் ஒருவர். "புல்லைத் தின்னா தானா சரியாயிடும்" என்பார் இன்னொருவர். இரண்டுமே நடக்கக்கூடியதுதான். ஆனால் இதே சத்தம் வயிறு முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிர் போகப்போகிற நாயிடமிருந்தும் வரும். சில வாரங்களில் தானாக அடங்கிவிடும் இருமலிலும் வரும். வெறிநோயிலும் வரும்.

அதனால் சத்தத்தை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். மூச்சு தடையில்லாமல் போய் வருகிறதா? ஓங்கரித்த பிறகு வெளியே என்ன வருகிறது? ஒரு ஓங்கரிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவில் நாய் எப்படி இருக்கிறது? பெரும்பாலானோர் பார்க்கத் தவறுவது மூன்றாவதைத்தான். ஓங்கரித்து முடித்ததும் வாலை ஆட்டிக்கொண்டு உங்கள் பின்னால் வந்தால், உட்கார்ந்து யோசிக்க நேரம் இருக்கிறது. முடித்த பிறகும் ஓரிடத்தில் படுக்க முடியாமல் எழுந்து எழுந்து நடந்தால், வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்தால், கூப்பிட்டாலும் கவனிக்காமல் எச்சில் வடிய நின்றால், நேரம் இல்லை.

முதலில், அது ஓங்கரிப்புதானா?

வாந்தி வரும்போது வயிற்றுத் தசைகள் வேலை செய்யும். விலாவுக்குப் பின்னால் வயிறு இரண்டு மூன்று முறை உள்ளிழுத்து எக்கும். அதற்கு முன்பே நாய் உதட்டை நக்கும், எச்சிலை அடிக்கடி விழுங்கும். இத்தனையும் நடந்தும் ஒன்றும் வெளியே வராவிட்டால் அதுதான் வெறும் ஓங்கரிப்பு.

எதுக்களிப்பு வேறு. அதில் எக்குதல் இருக்காது. நாய் தலையைக் குனியும், தின்ற சோறு செரிக்காமல் அப்படியே, சில சமயம் உருளை வடிவத்திலேயே வெளியே விழும். அந்தச் சோறு வயிற்றை எட்டவே இல்லை. உணவுக்குழாயிலேயே நின்றுவிட்டது என்று பொருள். மருத்துவருக்கு இந்த வித்தியாசம் மிக முக்கியம், ஏனென்றால் வாந்திக்குத் தேடும் காரணங்கள் வேறு, எதுக்களிப்புக்குத் தேடும் காரணங்கள் வேறு.

அதிகம் குழப்புவது இருமல். வறட்டு இருமல் தொடர்ந்து வந்து, அதன் வாலில் ஓர் ஓங்கரிப்பும் கொஞ்சம் வெள்ளைச் சளியும் வரும். பார்ப்பவர்களுக்குக் கடைசிக் காட்சிதான் நினைவில் நிற்கும். "டாக்டர், ரெண்டு நாளா வாந்தி" என்று சொல்லிவிடுவார்கள். மருத்துவரும் வயிற்றைத் தேடிக்கொண்டிருப்பார். இதற்கு ஒரே மருந்து, போனை எடுத்து முப்பது விநாடி வீடியோ எடுப்பதுதான். நாயின் முகம் மட்டும் போதாது, பக்கவாட்டில் நின்று வயிறும் நெஞ்சும் தெரியும்படி எடுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நாய் விறைப்பாக நின்று, வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக "ஹ்ர்ர்க், ஹ்ர்ர்க்" என்று காற்றை உள்ளே இழுக்கும். பக், பொமரேனியன் போன்ற சிறிய ரகங்களில் அதிகம். பார்க்கப் பயமாக இருந்தாலும் இது தலைகீழ்த் தும்மல். ஒரு நிமிடத்துக்குள் முடிந்து, நாய் ஒன்றுமே நடக்காதது போல் போய்விடும். எப்போதாவது வந்தால் கவலை வேண்டாம். தினமும் பலமுறை வந்தாலோ, மூக்கில் ரத்தம் அல்லது ஒரு பக்கத்தில் மட்டும் சளி வந்தாலோ காட்ட வேண்டும்.

வயிறு முறுக்கிக்கொள்ளும்போது

பெரிய நாய். சாப்பிட்டு ஓரிரு மணி நேரம் ஆகியிருக்கும், அல்லது நள்ளிரவாக இருக்கும். திரும்பத் திரும்ப ஓங்கரிக்கிறது, கயிறு போன்ற எச்சிலும் கொஞ்சம் நுரையும் தவிர ஒன்றும் வரவில்லை. இந்த ஒரு காட்சிக்கு, காலை வரை காத்திருப்பது என்ற பேச்சே கிடையாது.

உள்ளே நடப்பது இது. வயிற்றுக்குள் இருக்கும் இரைப்பையில் காற்று நிரம்பி அது உப்புகிறது. உப்பிய இரைப்பை தன் அச்சில் திரும்பிக்கொள்கிறது. திரும்பியதும் உணவு உள்ளே வரும் மேல்வாயும் அடைபடுகிறது, வெளியேறும் கீழ்வாயும் அடைபடுகிறது. நாயால் ஏப்பமும் விட முடியாது, வாந்தியும் எடுக்க முடியாது. காற்றோ சேர்ந்துகொண்டே போகும். உப்பிய வயிறு, உடலின் பின்பகுதியிலிருந்து இதயத்துக்கு ரத்தம் திரும்பும் பெரிய நாளத்தை அழுத்துகிறது. இதயத்துக்கு வரும் ரத்தம் குறைந்து நாய் அதிர்ச்சி நிலைக்கு, அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலைக்குப் போகிறது. இரைப்பைச் சுவர் ரத்தமில்லாமல் அழுகத் தொடங்குகிறது, மண்ணீரலும் சேர்ந்தே திருகிக்கொள்கிறது. இவ்வளவும் சில மணி நேரத்துக்குள் நடந்து முடியும்.

முதல் கட்டத்தில் அமைதியின்மையும் வெறும் ஓங்கரிப்பும் எச்சிலும்தான் இருக்கும். வயிறு பெரிதாகத் தெரியாமலும் இருக்கலாம். நெஞ்சு ஆழமான நாய்களில் உப்பிய வயிறு விலாவுக்குள்ளேயே மறைந்திருக்கும். அடுத்த கட்டத்தில் இடது விலாவுக்குப் பின்னால் வீக்கம் தெரியும், விரலால் தட்டினால் டொம்மென்று ஒலிக்கும், மூச்சு வேகமாகும், ஈறு வெளுக்கும். கடைசிக் கட்டத்தில் நாய் விழுந்துவிடும். முதல் கட்டத்தில் கொண்டுபோகும் நாய்க்கும் கடைசிக் கட்டத்தில் கொண்டுபோகும் நாய்க்கும் பிழைக்கும் வாய்ப்பில் நிறைய வித்தியாசம் உண்டு. "வயிறு வீங்கலையே" என்று காத்திருப்பதுதான் இதில் நடக்கும் பெரிய தவறு.

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்ட், டாபர்மேன், செயின்ட் பெர்னார்ட் ஆகியவை இதில் முதலில் சொல்லப்படும் ரகங்கள். நம் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் நாய்களுக்கும் இதே ஆழமான நெஞ்சு அமைப்புதான் என்பதால் அவற்றை வளர்ப்பவர்களும் இந்த அறிகுறியைத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. வயது ஏற ஏற ஆபத்து கூடும். தாய், தகப்பன், உடன்பிறந்த குட்டி ஆகியவற்றுக்கு வந்திருந்தாலும் கூடும். ஒரே வேளையாக வயிறு முட்டத் தின்பதும், அவசரமாக விழுங்குவதும் கூட்டும். ஒரு நாள் உணவை இரண்டு மூன்று வேளையாகப் பிரித்துக் கொடுங்கள். ஸ்டாண்டில் தட்டை உயர்த்தி வைத்தால் வயிறு உப்பாது என்று பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழக ஆய்வில் உயர்த்தி வைத்த தட்டில் தின்ற பெரிய நாய்களுக்கு ஆபத்து கூடியதாகவே தெரிந்தது.

வீட்டில் இதற்குச் செய்யக்கூடியது எதுவும் இல்லை. ஓமவாட்டர், ஆன்டாசிட் சிரப், சோடா எதுவும் வேண்டாம். உள்ளே போக வழியே இல்லாத வயிற்றுக்கு மேல் ஊற்றினால் அது நுரையீரலுக்குத்தான் போகும். மருத்துவமனையில் முதலில் ரத்தநாளம் வழியாகத் திரவம் ஏற்றுவார்கள். குழாய் விட்டோ, வெளியிலிருந்து ஊசியால் குத்தியோ காற்றை இறக்குவார்கள். எக்ஸ்ரேயில் முறுக்கு உறுதியானால் அறுவை சிகிச்சை. இரைப்பையை நேராக்கிய பிறகு அதை வலப்பக்க வயிற்றுச் சுவரோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள், மறுபடி திரும்பாமல் இருக்க. காற்றை மட்டும் இறக்கிவிட்டு "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குக் கூட்டிவந்தால் பெரும்பாலும் திரும்ப வரும்.

மூச்சே அடைத்தால்

தொண்டை முழுவதும் அடைத்த நாய் அதிகம் சத்தம் போடாது. சத்தத்துக்குக் காற்று வேண்டுமே. வாயைப் பிளந்து, கண் பிதுங்க, முன்காலால் வாயைப் பறண்டும். நாக்கும் ஈறும் நீலமாகும். சத்தமாக ஓங்கரிக்கும், இருமும் நாய்க்கு இன்னும் காற்று போய்க்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தி எதுவும் செய்யாமல் உடனே கிளம்புவதே நல்லது.

முழு அடைப்பு என்றால் அங்கேயே செய்ய வேண்டும். வாயைத் திறந்து பாருங்கள். பொருள் கண்ணுக்குத் தெரிந்தால் மட்டும் விரலால் பக்கவாட்டிலிருந்து கொக்கி போட்டு வெளியே இழுங்கள். தெரியாமல் உள்ளே துழாவினால் இன்னும் ஆழத்துக்குத் தள்ளிவிடுவீர்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. நாக்கின் அடியில், தொண்டையில் கடினமாக ஒன்று தட்டுப்படும். அது நாயின் சொந்த எலும்பு, நாவடி எலும்பு. அதைச் சிக்கிய எலும்பு என்று நினைத்துப் பிடித்து இழுத்துக் காயப்படுத்திய சம்பவங்கள் உண்டு.

சிறிய நாயைப் பின்னங்கால் தொடையோடு பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தோள்பட்டைகளுக்கு நடுவில் உள்ளங்கையால் நான்கைந்து முறை தட்டலாம். பெரிய நாய்க்குப் பின்னால் நின்று, கைகளை வயிற்றைச் சுற்றிக் கொடுத்து, கடைசி விலாவுக்குக் கீழே ஒரு கை முஷ்டியை வைத்து, மேலும் முன்னுமாக ஐந்து முறை வேகமாக அழுத்த வேண்டும். பிறகு வாயைப் பார்க்க வேண்டும். ரப்பர் பந்து சிக்கியிருந்தால் நாயை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தாடைக்கு அடியில் தொண்டைக்கு வெளியே இரண்டு கட்டைவிரலையும் வைத்து, பந்தை வாய்ப்பக்கமாக நெம்பித் தள்ளுவது சில சமயம் பலன் தரும். பந்தால் விளையாடும் நாய்க்கு அதன் வாய்க்குள் முழுதாகப் போகாத அளவுள்ள பந்துதான் கொடுக்க வேண்டும்.

நாய் நினைவிழந்து மூச்சும் நின்றால் ஒருக்களித்துப் படுக்க வைத்து நெஞ்சை அழுத்துங்கள். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், நெஞ்சின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்காவது அமுங்கும்படி. 30 அழுத்தத்துக்கு ஒருமுறை வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியாக 2 முறை ஊதவும். இதைச் செய்துகொண்டே வண்டியில் போக வேண்டும். அடைப்பு வெளியே வந்து நாய் எழுந்து நின்றாலும் அன்றே டாக்டரிடம் காட்டுங்கள். மூச்சுத் திணறலுக்குப் பிறகு சில மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோக்கலாம்.

எலும்பு, மாங்கொட்டை, நூல்

ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குப் பிறகு கிளினிக்குகளில் வரும் நாய்களைப் பார்த்தால் தெரியும், கறி எலும்பு எத்தனை வேலை வைக்கிறது என்று. வேகவைத்த கோழி எலும்பு ஊசியாகப் பிளக்கும். ஆட்டு எலும்புத் துண்டு மேல்தாடையில் இரு பக்கப் பற்களுக்கும் நடுவில் குறுக்கே நின்றுவிடும். நாய் வாயை மூட முடியாமல் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டு, காலால் முகத்தைத் தேய்த்துக்கொண்டே இருக்கும். மேல் அண்ணத்தைப் பார்த்தால்தான் தெரியும், நாக்கை மட்டும் பார்ப்பவர்களுக்குத் தெரியாது. நல்லி எலும்பின் வட்டத் துண்டு கீழ்த்தாடையில் கோரைப்பல்லைத் தாண்டி வளையம் போல மாட்டிக்கொள்வதும் உண்டு. அதை மயக்க மருந்து கொடுத்து வெட்டித்தான் எடுப்பார்கள். எண்ணெய் தடவி இழுத்துப் பார்க்க நினைக்காதீர்கள், வலியில் கடிக்கும்.

உணவுக்குழாயில் சிக்கினால் விஷயம் வேறு. கழுத்து நெஞ்சுக்குள் நுழையும் இடம், இதயத்துக்கு மேல், உதரவிதானத்துக்குச் சற்று முன்பு என்று மூன்று இடங்களில் குழாய் விரிய முடியாது. பெரும்பாலும் அங்கேதான் நிற்கும். நாய் திரும்பத் திரும்ப விழுங்கும், கழுத்தை நீட்டும், எச்சில் ஊற்றும், சோற்றையும் தண்ணீரையும் சில நிமிடங்களில் திருப்பிக் கக்கும். ஓங்கரிப்பு இருந்துகொண்டே இருக்கும். ஓரளவு தண்ணீர் மட்டும் உள்ளே இறங்குவதால் "தண்ணி குடிக்குதே" என்று இரண்டு நாள் ஓட்டிவிடுவார்கள். அதற்குள் எலும்பு அழுத்தும் இடத்தில் சுவர் புண்ணாகி ஓட்டை விழும். ஓட்டை விழுந்தால் நெஞ்சுக்குள் சீழ் பிடிக்கும், பிழைப்பது கடினம். முதல் நாளிலேயே எண்டோஸ்கோப் (வாய் வழியாக உள்ளே விடும் கேமரா குழாய்) மூலம் எடுப்பது சுலபம். எடுக்க முடியாத எலும்பை மெதுவாக வயிற்றுக்குள் தள்ளிவிட்டாலும் அமிலத்தில் கரைந்துவிடும்.

நம்மில் மீன் முள் சிக்கினால் சோற்று உருண்டையை மெல்லாமல் விழுங்கச் சொல்வார்கள், வாழைப்பழம் கொடுப்பார்கள். நாய்க்கு அதைச் செய்யாதீர்கள். குழாய் ஏற்கெனவே அடைத்திருக்கிறது. மேலே இன்னொன்றைத் திணித்தால் எலும்பு சுவருக்குள் இன்னும் அழுந்தும், மிச்சம் மூச்சுக்குழாய்க்குள் போகும்.

மாங்காய்க் காலத்தில் மாங்கொட்டை, மழைக்காலத்தில் சோளக்கருது. இரண்டும் எக்ஸ்ரேயில் எலும்பு போலத் தெளிவாகத் தெரியாது. "எக்ஸ்ரே எடுத்தோம், ஒன்னும் இல்ல" என்பதை முடிவாக எடுத்துக்கொள்ளாமல், கொட்டையை விழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகத்தை மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இவை வயிற்றைத் தாண்டிக் குடலில் நின்றால் ஓங்கரிப்பு நாட்கணக்கில் விட்டுவிட்டு வரும், மலம் போகாது.

நூல்தான் கொடியது. பூ கட்டிய நூல், தையல் நூல், பட்டம் விட்ட நூல். ஒரு முனை நாக்கடியிலோ வயிற்று வாயிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அந்த நூலில் சுருங்கிக் கோர்த்துக்கொள்ளும். வாயிலோ பின்னாலோ நூல் தொங்குவது தெரிந்தால் இழுக்கவே கூடாது, உள்ளே குடலை அறுத்துவிடும். நீளமாகத் தொங்கினால் சற்று விட்டுக் கத்தரித்துவிட்டு டாக்டரிடம் போகலாம். தையல் ஊசியோடு சேர்ந்து விழுங்கியது என்றால் அந்த இரவே போக வேண்டும்.

தெருவில் திரியும் நாய், மாட்டுத் தொழுவத்துப் பக்கம் போகும் நாய், வாரக்கணக்கில் எதுக்களித்து மெலிந்துகொண்டே வந்தால் இன்னொரு காரணமும் உண்டு. ஸ்பைரோசெர்கா என்னும் புழு உணவுக்குழாய்ச் சுவரில் கட்டி உண்டாக்கும். சாண வண்டு மூலம் வருவது. வண்டைத் தின்ற பல்லி, கோழி வழியாகவும் நாய்க்குப் போகும். பச்சைக் கோழிக்குடலைப் போடும் வழக்கத்தை நிறுத்த இது ஒரு காரணமே போதும். எண்டோஸ்கோப் இல்லாமல் இதை உறுதி செய்வது கடினம். எல்லா கிளினிக்கிலும் அது இருக்காது. சென்னை வேப்பேரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு போன்ற இடங்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்குப் போகும் முன் போனில் கேட்டுவிட்டுப் போவது நல்லது.

வாய்க்குள் கைவிடும் முன்

இந்தியாவில் நாய் ஓங்கரிப்பைப் பற்றி எழுதும்போது வெறிநோயை விட்டுவிட்டு எழுத முடியாது. வெறிநோய் என்றாலே கடித்துக் குதறும் நாய்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் இன்னொரு வகை சத்தமில்லாதது. கீழ்த்தாடை தொங்கிப்போகும், வாய் மூடாது, எச்சில் நூலாக வழியும், விழுங்க முடியாமல் தொண்டையில் ஏதோ அடைத்தது போல ஓங்கரிக்கும். குரைப்பு மாறிக் கரகரப்பாகும். பின்னங்கால் தள்ளாடும். பார்த்தால் அச்சு அசல் எலும்பு சிக்கிய நாய். அன்போடு வாயைத் திறந்து கைவிட்டுத் தேடுபவர்தான் தொற்றுக்கு ஆளாகிறார்.

தடுப்பூசி போடாத நாய், தெருநாய், சமீபத்தில் வேறு நாயோடு சண்டை போட்ட நாய், குணம் திடீரென்று மாறிய நாய் ஆகியவற்றின் வாய்க்குள் கை போகக் கூடாது. தனி அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டு டாக்டருக்குப் போன் செய்யுங்கள். எச்சில் உங்கள் காயத்திலோ, கீறலிலோ, கண்ணிலோ, வாயிலோ பட்டிருந்தால் அந்த இடத்தை ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். காயத்துக்கு சோப்பும் போடுங்கள். அதே நாளில் அரசு மருத்துவமனைக்குப் போய், கடிபட்டதற்குச் சமமாகவே இதைச் சொல்லுங்கள். தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின் என்னும் எதிர்ப்புப்பொருள் ஊசியும் தேவைப்படலாம். நாய் என்ன ஆகிறது என்று பார்த்துவிட்டுப் போகலாம் என்று தள்ளிப்போடாதீர்கள்.

இருமலின் வாலில் வருவது

நாய்களைத் தங்கவைக்கும் இடம், க்ரூமிங் கடை, நாய் கண்காட்சி ஆகியவற்றிலிருந்து வந்து ஒரு வாரம் பத்து நாளில் வறட்டு இருமலும் கடைசியில் ஓங்கரிப்பும் தொடங்கினால் கென்னல் காஃப் என்னும், நாய்க்கு நாய் பரவும் தொற்று இருமலாக இருக்க வாய்ப்பு அதிகம். கழுத்துப் பட்டையை லேசாக இழுத்தாலே இருமும். நாய் உற்சாகமாகத் தின்றுகொண்டு இருந்தால் ஒன்றிலிருந்து மூன்று வாரத்தில் தானாக அடங்கும். சாப்பாட்டை மறுத்தால், காய்ச்சல் இருந்தால், மூக்கில் மஞ்சள் சளி வந்தால், ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டியாக இருந்தால் காத்திருக்கக் கூடாது. தடுப்பூசி போடாத குட்டிக்கு இருமலோடு கண்ணில் பீளையும் வந்தால் டிஸ்டெம்பர் என்னும் கொடிய வைரஸ் நோயின் சந்தேகமும் வரும்.

பொமரேனியனும் அதைப் போன்ற சிறிய ரகங்களும் நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. அவற்றின் மூச்சுக்குழாய் வளையங்கள் தளர்ந்து தட்டையாகும் நோய் அதிகம். சந்தோஷத்தில் குதித்தால், வெயிலில் நடந்தால், தண்ணீர் குடித்தால், வாத்து கத்துவது போல இருமி ஓங்கரிக்கும். கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைச் சுற்றிப் போடும் ஹார்னெஸ் மாட்டுவதும், உடல் எடையைக் குறைப்பதும் பாதிச் சிகிச்சை. மூச்சுத் திணறி நாக்கு நீலமானால் அவசரம்.

வயதான லேப்ரடார், குரைப்பு கரகரப்பாகி, மூச்சு இழுக்கும்போது சத்தம் வந்து, தண்ணீர் குடித்ததும் ஓங்கரித்தால் குரல்வளைத் தசை செயலிழந்திருக்கலாம். சித்திரை வெயிலில் இந்த நாய் திடீரென்று விழுந்துவிடும். வாக்கிங்கை அதிகாலைக்கு மாற்றுங்கள், டாக்டரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வயதான சிறிய நாய் இரவில் படுத்த பிறகு இருமி ஓங்கரித்தால் இதயத்தை நினையுங்கள். இதற்கு வீட்டிலேயே ஒரு நல்ல அளவுகோல் இருக்கிறது. நாய் அயர்ந்து தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒன்று என்று கணக்கிட்டு 30 விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். 30-க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் நுரையீரலில் நீர் சேரத் தொடங்கியிருக்கலாம்.

விஷம்

எலி மருந்து, பயிருக்கு அடிக்கும் மருந்து, தேரை. சுருக்கமாக. எலிக்கு வைக்கும் கருப்புப் பொடியான துத்தநாக பாஸ்பைடு, வயிற்று அமிலத்தோடு சேர்ந்து நச்சு வாயுவாக மாறும். நாயின் மூச்சில் பூண்டு அல்லது அழுகிய மீன் வாடை வரும். அந்த நாய்க்குச் சோறோ பாலோ கொடுத்தால் அமிலம் கூடும், வாயுவும் கூடும். காரில் கொண்டுபோகும்போது ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். அது வாந்தி எடுத்தால் வரும் வாயு உங்களுக்கும் ஆபத்து. பூச்சிமருந்து என்றால் எச்சில், கண்ணீர், நடுக்கம், ஊசிமுனையாகச் சுருங்கிய கண்மணி தெரியும்.

உப்புத் தண்ணீரோ புளித் தண்ணீரோ கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்பு ரத்தத்தில் ஏறி வலிப்பு வரும். ஆசிட் போன்றவை திரும்பி வரும்போது இன்னொரு முறை சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். மழைக்கால இரவில் தேரையைக் கவ்விய நாய்க்கு மட்டும் வீட்டில் செய்ய ஒன்று உண்டு. தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, பக்கவாட்டிலிருந்து தண்ணீர் விட்டு, ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் சில நிமிடம் துடைத்துக் கழுவலாம். தண்ணீர் தொண்டைக்குள் இறங்கக் கூடாது. நடுக்கமோ தள்ளாட்டமோ வந்தால் டாக்டர்.

பொறுத்துப் பார்க்கக்கூடியவை

அதிகாலையில் வெறும் வயிற்றில் மஞ்சளாகப் பித்தநீரைக் கக்கிவிட்டு, பிறகு வழக்கம்போலத் தின்று விளையாடும் நாய்க்கு, இரவு படுக்கும் முன் கொஞ்சம் உணவு கொடுத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும். அவசரமாகத் தின்றுவிட்டு உடனே கக்கும் நாய்க்கு மேடு பள்ளமுள்ள தட்டோ, உணவை அகலத் தட்டில் பரப்பிப் போடுவதோ உதவும். புல் தின்று ஓங்கரிப்பது எப்போதாவது நடந்தால் பெரிதில்லை.

வளர்ந்த, வேறு நோயில்லாத நாய் ஓரிரு முறை வாந்தி எடுத்துவிட்டு நன்றாக இருந்தால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் உணவை நிறுத்தி, தண்ணீரை மட்டும் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். பிறகு குழைய வேகவைத்த சோறும் தோல் நீக்கிய கோழிக்கறியும், உப்பு மசாலா இல்லாமல், வழக்கத்தில் கால் பங்கு. குட்டிகளுக்கு இந்தப் பட்டினி கூடாது, ரத்தச் சர்க்கரை குறைந்துவிடும். தடுப்பூசி முடியாத குட்டி வாந்தி எடுத்தால் பார்வோ என்னும், குடலைத் தாக்கும் வைரஸ் நோயாக இருக்கலாம், அன்றே காட்டுங்கள். வளர்ந்த நாயிலும் 24 மணி நேரத்தைத் தாண்டினால், ரத்தம் வந்தால், தண்ணீரும் தங்காவிட்டால் காத்திருப்பு முடிந்தது.

மனிதர்களுக்கான மாத்திரை எதுவும் வேண்டாம். பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் இரண்டுமே நாய்க்கு ஆபத்தானவை. இருமல் சிரப்பும் அப்படித்தான், உள்ளே என்னென்ன கலந்திருக்கிறது என்பது லேபிளைப் படித்தால்தான் தெரியும்.

ஈறைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

நாய் நன்றாக இருக்கும் நாளிலேயே பழகுங்கள். மேலுதட்டைத் தூக்கி, கோரைப்பல்லுக்கு மேலுள்ள ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக, ஈரமாக இருக்கும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்பும். கருப்பு ஈறுள்ள நாய்க்குக் கீழ் இமையின் உட்புறத்தைப் பாருங்கள். ஓங்கரிக்கும் நாயின் ஈறு வெள்ளையாகவோ, நீலமாகவோ, செங்கல் சிவப்பாகவோ இருந்தால், அல்லது நிறம் திரும்ப இரண்டு விநாடிக்கு மேல் ஆனால், மற்ற எதையும் யோசிக்காமல் கிளம்பலாம். தெர்மாமீட்டரைப் பின்துவாரத்தில் வைத்துப் பார்க்கும்போது 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் சாதாரணம். 104-ஐத் தாண்டினால் அவசரம். வெறிநோய்ச் சந்தேகம் உள்ள நாயிடம் இந்தப் பரிசோதனைகளைச் செய்யாதீர்கள்.

கிளம்பும்போது

வீட்டிலிருந்தே போன் செய்து, "பெரிய நாய், ஒரு மணி நேரமா வெறுமனே ஓங்கரிக்குது, ஒன்னும் வரல" என்று ஒரே வரியில் சொல்லுங்கள். அந்த ஒரு வரிக்கே சில மருத்துவர்கள் எக்ஸ்ரேயும் அறுவை அறையும் உள்ள இடத்துக்கு நேராகப் போகச் சொல்வார்கள், நடுவில் ஒரு நிறுத்தம் மிச்சமாகும். தடுப்பூசி கார்டு, எடுத்த வீடியோ, கடைசியாகத் தின்றது என்ன, எப்போது, நாயின் எடை, கக்கியதில் கொஞ்சம் ஒரு டப்பாவில், விஷமாக இருந்தால் அதன் கவர். வழியில் தின்னவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள், மயக்க மருந்து தேவைப்படலாம். வயிறு உப்பிய நாயைத் தூக்கும்போது வயிற்றுக்கு அடியில் கை கொடுக்காமல், நெஞ்சுக்கும் பின்தொடைக்கும் கீழே கொடுங்கள், அல்லது கெட்டியான போர்வையில் வைத்து இரண்டு பேர் தூக்குங்கள். மூச்சு வாங்கும் நாயைப் படுக்கச் சொல்லி வற்புறுத்த வேண்டாம், உட்கார்ந்தே வரட்டும். வாய்க்கட்டு போட வேண்டாம், கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிடுங்கள்.